மழைப் பாட்டுக்கு நடுவே பொன்னாடை

பொன்னாடை போர்த்துநர் என்று ஓர் இனம் உண்டு. விலங்கியல் புத்தகத்தில் தேட வேண்டாம். மேடையும் மைக்கும் எங்கே இருக்கின்றனவோ அங்கே தேடுங்கள். படிக்கட்டின் ஓரத்தில், இடது கையில் உறை பிரிக்காத சால்வைகளை அடுக்கி வைத்துக்கொண்டு, வலது கையால் யாரையோ 'மேலே வாங்க, மேலே வாங்க' என்று அழைத்தபடி நிற்பார். அவர் பாடமாட்டார், வாத்தியம் எதையும் தொடமாட்டார், பேசவும் மாட்டார். பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கால் மணி நேரம் பேசுவது பேச்சில் சேராது. ஆனால் பாடுகிறவர், வாசிக்கிறவர், பேசுகிறவர் எல்லோரும் அவர் விட்டுக்கொடுக்கும் சந்து பொந்துகளில்தான் தங்கள் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். நமக்குக் கச்சேரிக்கு நடுவே பொன்னாடை. அவருக்குப் பொன்னாடைகளுக்கு நடுவே கச்சேரி.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருந்தால் எப்படியாவது சமாளித்துவிடலாம். அவர் மரியாதை தெரிந்தவர். அதுதான் ஆபத்து. உலகத்தில் இருக்கும் எல்லோரும் ஏதோ ஒரு காரணத்துக்காகக் கோபித்துக்கொள்ளக் காத்திருக்கிறார்கள் என்பதும், அந்தக் கோபத்தைத் தணிக்கும் ஒரே மருந்து தோளில் விழும் இரண்டு கஜம் ஜரிகைத் துணி என்பதும் அவருடைய மதம். தலைமை விருந்தினருக்குப் போர்த்துவார், அவர் மனைவிக்கு, அவர்கள் வந்த காரைக் கொடுத்தவருக்கு, அந்தக் காரை நிறுத்த இடம் காட்டியவருக்கு, மைக் கட்டியவருக்கு, 'எனக்கெல்லாம் எதுக்குங்க' என்று கூச்சப்பட்டவருக்கு, கூச்சப்பட்டதற்காகவே. 'ஒரே ஒரு நிமிசமுங்க' என்பது அவர் ஓயாமல் சொல்லும் வாசகம். அந்த நிமிஷம் எந்தக் கடிகாரத்திலும் இல்லாத நிமிஷம்.

இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரியைக் காண விரும்புகிறவர்கள் கோயமுத்தூருக்கு வரலாம். கணபதியில் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கும் சென்னிமலை, ஆறடி உயரம், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் எப்போதும் பத்துப் பதினைந்து விசிட்டிங் கார்டு. காந்திபுரத்துத் துணிக்கடைகளில் அவரைக் கண்டால் கடைப்பையன்கள் அளவு கேட்பதில்லை, எத்தனை கட்டு என்றுதான் கேட்பார்கள். இப்படிப்பட்டவர் கையில் ஒரு சேர்ந்திசைக் குழு அகப்பட்டது. யானை புகுந்த சோளக்காட்டைத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே காட்சிதான். யானை மட்டும் வணக்கம் சொல்லிக்கொண்டே மேய்ந்தது.

நொய்யல் சேர்ந்திசைக் குழு என்று பெயர். பாதிப் பேர் தொண்டாமுத்தூருக்கு அப்பால் இருக்கும் கல்லாங்காட்டுப்புதூர்க் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர்கள்; பாட்டன் காலத்தில் பண்ணை வேலை, இப்போது ஆசிரியர், டிரைவர், நர்ஸ், மின்வாரிய ஊழியர். மீதிப் பாதி சரவணம்பட்டிக் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளவட்டம். பாட்டு வரும், ஞாயிற்றுக்கிழமை போக வேறு இடம் தெரியாது. குழுவை நடத்துபவர் அன்புக்கரசி. புதூர்ச் சபைக்காரர். ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. 'மூச்சை இழுத்துப் புடிங்க, அசையாதீங்க' என்று அவர் சொன்னால் மாவட்டமே அசையாது. ஒருவரைத் தவிர.

அவர்கள் பாட எடுத்துக்கொண்டது 'மழை வேண்டல்'. இது ஓரட்டோரியோ என்னும் வகை. வேஷமும் நடிப்பும் இல்லாமல் ஒரு கதை முழுவதையும் குழுவாக நின்று பாடியே நடத்துவது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன், ஜெர்மனியில் யாருக்கும் பெயர் தெரியாத ஒரு கிராமத்து ஆர்கன் வாத்தியக்காரர், தம் ஊரில் மழை பொய்த்த ஆண்டில் எழுதியது. நிலம் வெடிக்கிறது, ஜனங்கள் மன்றாடுகிறார்கள், இடி இடிக்கிறது, பிறகு ஓர் அமைதி, அதன்பின் மழை பெய்து அறுவடையாகி நன்றிப் பாட்டு. இவ்வளவுதான் கதை. ஒரு பாதிரியார் தம் டிரங்குப் பெட்டியில் இந்த இசைத்தாள்களோடு புதூருக்கு வந்து சேர்ந்தார். வந்தது தாது வருஷப் பஞ்சத்துக்கு முந்திய ஆண்டு. தமிழில் வார்த்தை போட்டுச் சபையாருக்குச் சொல்லிக் கொடுத்தார். நன்றிப் பாட்டு பழகி முடிவதற்குள் பஞ்சம் வந்துவிட்டது.

பஞ்சத்துக்குப் பிறகு மிஞ்சியவர்கள் மறுபடி பாடக் கூடினார்கள். மற்றதெல்லாம் பாடினார்கள். நன்றிப் பாட்டைப் பாட மறுத்துவிட்டார்கள். அதன் இடத்தில் தாங்களே ஒரு பாட்டுக் கட்டினார்கள். அது மாடுகளின் பாட்டு. செத்துப்போன மாடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மழை வந்துவிட்டது, தொட்டி நிறைந்துவிட்டது, எழுந்து தண்ணீர் குடி என்று சொல்கிற பாட்டு. அந்த மாடுகள் அவர்களுடையவை அல்ல, பண்ணைக்காரர்களுடையவை. ஆனால் புல் வெட்டிப் போட்டதும், பெயர் வைத்ததும், கடைசியில் குழி தோண்டியதும் அவர்கள். மனிதர்களைப் பெயர் சொல்லிப் பாட அவர்களால் முடியவில்லை போலும். ஜெர்மனியில் இந்தப் பாட்டு கிடையாது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. புதூர்ச் சபைக்கு வெளியே ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை.

அதை நகரத்து அரங்கில் ஒரு தடவை முழுசாகக் கேட்கவைத்துவிட வேண்டும் என்பதுதான் அன்புக்கரசியின் ஆசை. வேறு ஆசை எதுவும் அவருக்கு இல்லை. பொன்னாடை ஆசை நிச்சயமாக இல்லை.

இதில் சென்னிமலை எப்படி வந்தார் என்று கேட்கிறீர்களா? வண்டியேறி வந்தார். பாதிரியாரின் டிரங்குப் பெட்டியைப் போத்தனூர் ரயிலடியிலிருந்து புதூருக்கு ஏற்றி வந்தது பெரியதோட்டத்து மாட்டுவண்டி. பெரியதோட்டம் சென்னிமலையின் முன்னோருடையது. உண்மை இவ்வளவுதான். இந்த உண்மை அவர் வாயில் விழுந்த பிறகு வளர்ந்த வேகத்துக்கு எந்த உரக் கம்பெனியும் பொறுப்பேற்காது. புரவலராக வந்து உட்கார்ந்த முதல் விழாக் கூட்டத்தில், 'எங்க பாட்டனுக்குப் பாட்டன் வண்டியிலதானுங்க அந்தப் பொட்டி வந்துச்சு' என்றார். அடுத்த கூட்டத்தில் பாட்டனுக்குப் பாட்டனே வண்டியை ஓட்டி வந்தார். தீபாவளிக்குள் அவர் பாதிரியாருக்குச் சாப்பாடு போட்டு, நிலம் கொடுத்து, தமிழும் சொல்லிக் கொடுத்துவிட்டார். பொங்கல் தாண்டியதும், 'அந்த ராகம் இருக்குதல்லங்க, அது ஜெர்மன்காரனுக்கே வராதுங்க, எங்க பாட்டன் வண்டியோட்டும்போது பாடறதக் கேட்டுத்தான்...' என்று ஆரம்பித்தார். ஜெர்மன்காரர் செத்து நூறு ஆண்டுக்கு மேல் ஆன பிறகு இந்தப் பாட்டன் அவருக்கு எப்படிப் பாடிக் காட்டினார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சங்கடப்படுவார் அல்லவா? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

இத்தனைக்கும், அவர் குடும்பத்துக்கும் அந்தப் பாட்டுக்கும் இருக்கும் அசல் உறவு வண்டியில் இல்லை. மாடுகளின் பாட்டில் ஒரு முழு அடி, பெரியதோட்டத்து வண்டி மாடுகளைப் பற்றியது. சாம்பல் நிறச் சோடி மயிலைக் காளைகள், பஞ்சத்தின் இரண்டாம் கோடையில் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தவை. இதை அவரிடம் சொல்ல அன்புக்கரசி பலமுறை முயன்றார்.

"அய்யா, கடைசிப் பாட்டுல உங்க தோட்டத்து..."

"தோட்டத்துல இருந்து எளநி வருதுங்க அம்மணி, ஒத்திகைக்கு வாரவங்க அத்தன பேருக்கும். ரெண்டு குலை எறக்கச் சொல்லிப்போட்டேன்."

"அதில்லீங்க, பாட்டுல..."

"பாட்டு நீங்க பாத்துக்குங்க. மரியாதைய நான் பாத்துக்கறேன்."

பொன்னாடை போர்த்துநரிடம் அவரைப் பற்றியே எதையும் சொல்ல முடியாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்குக் காது உண்டு. ஆனால் அது அடுத்து யாரைக் கூப்பிடலாம் என்ற யோசனையால் அடைபட்டிருக்கும்.

ஒத்திகைக்கு அவர் தவறாமல் வந்தார். பாட்டைக் கேட்க அல்ல. பாட்டில் இடைவெளி எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து வைக்க. முதல் வரிசையில் மனைவி நாச்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, பெண்குரல்கள் ஏறும்போது நாற்காலியின் நுனிக்கு வருவார், நிற்கும் என்று பார்த்தால் ஆண்குரல் தொடங்கிவிடும், ஏமாந்து சாய்ந்துகொள்வார். இப்படி ஒரு பாட்டை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஒருவர் நிறுத்துவதற்குள் இன்னொருவர் பிடித்துக்கொள்கிறார். நுழைய வழியே இல்லை. ஜெர்மானியர்களுக்குப் பண்பாடு போதாது என்ற முடிவுக்கு அவர் வந்தது அப்போதுதான்.

பிறகு ஒரு நாள் இடி முழங்கி ஓய்ந்தது. அதன்பின் வரும் அமைதி வந்தது. அன்புக்கரசி இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கியபடி நின்றார். குழு மூச்சை அடக்கி நின்றது. புதூர் வழக்கப்படி அந்த அமைதிக்கு அளவு கிடையாது. நடத்துபவரின் கை உயர்ந்திருக்கும்வரை அது நீளும், பிறகு விரல் மட்டும் அசைய, காதில் விழுந்தும் விழாததுமாக மாடுகளின் பாட்டு தொடங்கும். சென்னிமலையின் முகம் மலர்ந்ததை நாச்சியம்மாள் பார்த்தார். எதற்கு மலர்ந்தது என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷக் குடித்தனம்.

"அம்மணி, இந்த எடத்துல என்னுங்க நடக்குது?"

"ஒண்ணும் நடக்காதுங்க. யாரும் அசைய மாட்டாங்க."

"போட்டோக்காரன் வந்தாக்கூட அசைய மாட்டாங்களா?"

"யாரு வந்தாலும் அசைய மாட்டாங்க."

"அடடா! அப்ப இந்த எடத்துல உங்களுக்கு ஒரு பொன்னாடையப் போத்திப்போடலாமுங்களா? எல்லாரும் செல மாதிரி நிக்கறாங்க. படம் அருமையா உழுகும்."

இந்த இடத்தில் அன்புக்கரசி ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கூடாது. மூன்று எழுத்து. ஆனால் கொங்கு மண்ணில் வயதில் மூத்தவர், இளநீர் அனுப்பியவர், அரங்குக்கு முன்பணம் கொடுத்தவர் முகத்துக்கு நேரே அந்தச் சொல்லை யாரும் இதுவரை சொன்னதில்லை. இங்கே மறுப்பதற்கு ஒரு முறை உண்டு. சிரித்துக்கொண்டே, தலையை லேசாகச் சாய்த்து, "பாக்கலாமுங்க" என்று சொல்லவேண்டும். கேட்டவர் புரிந்துகொண்டு விலகவேண்டும். பெண் கேட்டு வந்தவரைக்கூட இந்த ஒரு சொல்லால் பஸ் ஏற்றிவிடுகிற ஊர் இது. அன்புக்கரசி அதைத்தான் செய்தார்.

"பாக்கலாமுங்க அய்யா."

ஊரே புரிந்துகொள்ளும் மறுப்பு சென்னிமலைக்கு மட்டும் சம்மதமாக விழுந்தது. பொன்னாடையை வேண்டாம் என்று மனதார ஒருவர் சொல்ல முடியும் என்பது அவர் மதத்தில் இல்லை.

டெனர் என்னும் உச்ச ஆண்குரல் வரிசையில் நின்ற மிதுன், சரவணம்பட்டிப் பையன், அன்றே சொன்னான். "அக்கா, அவரு வந்துருவாருக்கா. நேராச் சொல்லிடுங்க."

"பெரியவரு மிதுன். எப்படிச் சொல்றது? புரிஞ்சுக்குவாரு."

நோயாளியிடம் அசையாதே என்று அதட்டத் தெரிந்தவருக்குப் புரவலரிடம் வாய் வரவில்லை. எல்லாப் பழியையும் சால்வையின் மேல் போட்டுவிட முடியாது.

நிகழ்ச்சி நாள் வந்தது. அரங்கு மாலைக்குள் காலி செய்து கொடுக்கப்பட வேண்டும். அதே இடத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பின்வாசலில் அப்போதே பூ அலங்காரத்துக்கான மூங்கில் சட்டங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அரங்கு நிறைந்திருந்தது. பின்வரிசைகளில் புதூர்ச் சபையார், பஸ் பிடித்து வந்து, தேய்த்த சட்டையும் புதுப் புடவையுமாக.

தொடக்கத்தில் பொன்னாடைகள். அவை முடிவதற்குள், நின்றுகொண்டிருந்த குழுவுக்குக் கால் வலி கண்டது. முதல் பகுதி நன்றாகவே போயிற்று. நிலம் வெடிப்பதைப் பாடும்போது ஆல்டோ என்னும் தாழ்ந்த பெண்குரல் வரிசை தொண்டையைக் காய்ந்த மண்போல் ஆக்கிக்கொண்டு பாட, முன்வரிசைத் தொழிலதிபர் ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு குழுவுக்குக் கிடைக்காது. இடைவேளையில் மறுபடி பொன்னாடைகள். அரங்கு மேலாளர் வந்து கெஞ்சிய பிறகுதான் இரண்டாம் பகுதி ஆரம்பமாயிற்று. அவருக்கும் ஒன்று போர்த்தப்பட்டது. கெஞ்சுவதை அவர் நிறுத்திவிட்டார்.

இரண்டு பொன்னாடை மிச்சம். மடியில் அவற்றை வைத்துக்கொண்டு சென்னிமலை பட்ட பாடு பெரும்பாடு. ஒன்று அன்புக்கரசிக்கு, அதைத் தலைமை விருந்தினரின் மனைவி போர்த்துவதாக ஏற்பாடு. இன்னொன்றுக்கு ஆள் தெரியவில்லை. ஜனங்கள் மேடையில் மழைக்காக மன்றாடினார்கள். கீழே சென்னிமலை ஒரு தோளுக்காக மன்றாடினார். பின்வாசலில் மூங்கில் சட்டம் சரியும் ஓசை கேட்கும்போதெல்லாம் அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். முடிந்ததும் போர்த்தலாம் என்றால், முடிந்ததும் கல்யாணக்காரர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். பொன்னாடை போர்த்தாமல் அம்மணியை அனுப்புவதா? அவர் என்ன நினைப்பார்?

இடி இடித்தது. பேஸ் என்னும் கனத்த ஆண்குரல்களும் டிரம்மும் சேர்ந்து அரங்கின் கூரையை அதிரவைத்து ஓய்ந்தன. அன்புக்கரசியின் கைகள் தலைக்குமேல் உயர்ந்து நின்றன. அமைதி.

அந்த அமைதியில் புதூர்ச் சபையார் எழுந்து நின்றார்கள். மாடுகளின் பாட்டுக்கு அவர்கள் எப்போதும் நிற்பது வழக்கம். அவர்களுக்கு முன்னால் இருந்த கூட்டமோ அமைதியைக் கண்டு பயந்து கைதட்டியது. ஒரு முழு அரங்கு வாய் மூடி இருப்பதைத் தாங்கும் திராணி நம்மில் பலருக்குக் கிடையாது. அந்தக் கைதட்டல் சென்னிமலையைத் தூக்கி நிறுத்தியது.

"ஏனுங்க, முடியலீங்க இன்னும். அந்தப் புள்ள கை மேலயே இருக்குது பாருங்க" என்று நாச்சியம்மாள் அவர் வேட்டி நுனியைப் பிடித்தார்.

"வணக்கம் வெக்குதும்மா. உடு." வேட்டி நுனியை உருவிக்கொண்டு, விருந்தினரின் மனைவியை முன்னே விட்டு, பின்னே போட்டோக்காரர் வர, சென்னிமலை மேடை ஏறினார்.

அன்புக்கரசி திரும்பவில்லை. கை இறங்கினால் அமைதி கலையும், குழு கலையும், அத்தோடு எல்லாம் முடிந்துவிடும்.

"கையக் கொஞ்சம் எறக்குங்க அம்மணி. போத்தோணுமில்ல."

பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு அசையாமல், அன்புக்கரசி தம் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பெரியவரிடம் நேரான சொல் சொன்னார். "கீழ எறங்கிப் போங்க. இன்னும் பாட்டு இருக்குதுங்க."

"கூச்சப்படாதீங்க கண்ணு. ஒரே ஒரு நிமிசம்."

விருந்தினரின் மனைவிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தூக்கிய இரண்டு கைகளின் மேலேயே சால்வையைப் போட்டார். அது கொடியில் காயப்போட்ட துணிபோல் தொங்கியது. போட்டோக்காரர், "மேடம், லேசா சிரிங்க" என்றார். அன்புக்கரசி சிரிக்கவில்லை. ஜரிகைக்கு அடியில் விரலை மட்டும் அசைத்தார்.

பாட்டு தொடங்கியது.

*மேற்கால மேகம் ஏறுது, காரிக் கண்ணே எழுந்திரு;
தொட்டியில தண்ணி ததும்புது, செவலைக் கண்ணே எழுந்திரு.*

மெல்லிய குரல்களில், வாத்தியம் எதுவும் இல்லாமல், தொலைவில் யாரோ தொழுவத்தில் கூப்பிடுவதுபோல. அதைக் கேட்டதும் சென்னிமலை உருகிப்போனார். இவ்வளவு தெரிந்த பிள்ளைகளா! விருது கொடுக்கும்போது டிவியில் பின்னால் மெதுவாக மியூசிக் போடுவார்களே, அதைப்போலவே சொல்லாமலே போடுகிறார்களே! மனம் நிறைந்து மைக்கைக் கையில் எடுத்தார்.

"இந்த இனிய பாடலின் பின்னணியில், இவ்விழா சிறக்க உதவிய நல்ல உள்ளங்களை நினைவுகூரக் கடமைப்பட்டிருக்கிறோம்..."

பெயர்கள் வந்தன. பின்னால் குழு செத்த மாடுகளின் பெயர்களைச் சொல்லச் சொல்ல, மைக் உயிரோடிருக்கும் கனவான்களின் பெயர்களைச் சொல்லியது. காரிக்கு மேல் ஒரு பஞ்சாலை அதிபர் விழுந்தார். செவலையின் மேல் ஒரு ரோட்டரி மாவட்ட ஆளுநர். கன்று ஈனாமல் செத்த வெள்ளச்சியை ஒரு கேட்டரிங் நிறுவனம் மூடியது.

மிதுனுக்குப் பொறுக்கவில்லை. வரிசையை விட்டு வந்து, தாழ்ந்த குரலில், "அண்ணா, மைக்கக் குடுங்கண்ணா. பாட்டு ஓடுதுங்ண்ணா" என்று கையை நீட்டினான்.

அந்தக் கையைக் கண்டதும் சென்னிமலையின் கண்கள் மின்னின. தேடிய தோள் தானாக மேடைக்கு நடந்து வந்திருக்கிறது. "வளரும் இளம் கலைஞர், தம்பி..." என்று மிச்சமிருந்த பொன்னாடையை அவன் மேல் போர்த்தி, தோளைப் பிடித்துப் போட்டோக்காரர் பக்கம் திருப்பினார். குழுவில் வேறு யாரும் அதற்குப் பிறகு மைக் அருகே போகத் துணியவில்லை.

பெயர்கள் தீர்ந்தன. வண்டிக் கதைக்கு நேரம் வந்தது.

"இந்த இசைக்கும் எங்க குடும்பத்துக்கும் உள்ள தொடர்பப் பத்தி ரெண்டே வார்த்த. அன்னிக்குப் போத்தனூர் ரயிலடியில..."

*பெரியதோட்டத்து வண்டி மாடே, சோடி பிரியா மயிலைகளே,
சுமை எறங்கிப்போச்சு, நுகம் எறங்கிப்போச்சு, எழுந்து தண்ணி குடியுங்க.*

பெண்குரலும் ஆண்குரலும் அந்த ஓர் அடியில்தான் ஒன்று சேர்கின்றன. மைக் அதே வேளையில் பாட்டன் ஜெர்மானியருக்கு ராகம் சொல்லிக் கொடுத்த கட்டத்தை எட்டியிருந்தது. பின்வரிசையில் நின்றுகொண்டிருந்த புதூர்க்காரர்களைப் பார்த்து யாரோ, "உக்காருங்கப்பா, போட்டோ எடுக்கறது மறைக்குது" என்று கத்தினார்கள். அவர்கள் உட்காரவில்லை. ஆனால் அவர்களுக்கும் பாட்டு கேட்கவில்லை.

பாட்டு எப்போது முடிந்தது என்று அரங்கில் யாருக்கும் தெரியாது. அன்புக்கரசியின் கைகள் இறங்கின. சால்வை தரையில் விழுந்தது. சென்னிமலை குனிந்து அதை எடுத்து, தூசி தட்டி, அழகாக மடித்து, அவர் கையில் வைத்தார். "சிறப்பா அமைஞ்சுபோச்சுங்க அம்மணி. கடைசியில மெதுவா ஒண்ணு போட்டீங்க பாருங்க, அதுதான் ரொம்பப் பொருத்தம். அடுத்த தடவ அத இன்னுங் கொஞ்சம் நீளமா வெச்சுக்குங்க. பேர் நெறைய இருக்குதல்ல."

அன்புக்கரசி அவரை ஒரு கணம் பார்த்தார். "வாரேனுங்க" என்றார். அவ்வளவுதான். புதூர் பஸ் வெளியே நின்றது. பூ அலங்காரக்காரர்கள் மேடையேறி, ஆல்டோ வரிசை நின்ற இடத்தில் கல்யாண ஜோடிக்கு இரட்டை நாற்காலி போட ஆரம்பித்தார்கள்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அன்புக்கரசி, கொள்ளைக்காரனிடம் அகப்பட்ட பேங்க் காசாளர் மாதிரி. பக்கத்தில் சென்னிமலை, பேங்கின் உரிமையாளர் மாதிரி. எடுத்த வீடியோவில் கடைசிப் பாட்டு முழுவதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் கேட்பது பெயர் வரிசை. பெயர் சொல்லப்பட்டவர்கள் அனைவரும் தத்தம் பெயர் வரும் பகுதியை மட்டும் வெட்டி வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டார்கள்.

நிகழ்ச்சியன்று அரங்கிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில், காரில் நாச்சியம்மாள்தான் பேச்சை எடுத்தார். அவர் முதல் வரிசையில், மேடைக்கு மிக அருகே இருந்தவர். கணவரின் குரலைக் காதில் வாங்காமல் இருப்பதில் நீண்ட பயிற்சியும் உள்ளவர். அரங்கில் பாட்டைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"ஏனுங்க, கடேசிப் பாட்டுல நம்ம தோட்டத்து மாடு வந்துச்சுங்களே. கேட்டீங்களா?"

"எந்த மாடு?"

"வண்டி மாடுங்க. அந்தப் பொட்டிய இழுத்துட்டு வந்த சோடி. பஞ்சத்துல செத்துப்போச்சாம். பேர் சொல்லிக் கூப்புட்டாங்க. எந்திரிச்சுத் தண்ணி குடின்னு."

"எப்பப் பாடுனாங்க?"

"நீங்க மைக்குல வண்டியப் பத்திப் பேசுனீங்களே, அப்ப."

சென்னிமலை காரை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். நாச்சியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அந்த ஒரு கணம், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, மனிதருக்கு ஏதோ உறைத்துவிட்டது என்று அவர் நம்பினார்; கையை நீட்டி அவர் தோளைத் தொடக்கூடப் போனார்.

"என்ன தப்புப் பண்ணிப்போட்டேன் நாச்சி" என்றார் சென்னிமலை. "அந்த வாயில்லா சீவனுக்கு ஒரு மரியாத பண்ணலியே. அடுத்த வருசம் காங்கேயத்துல இருந்து ஒரு சோடி மயிலைய மேடைக்கே ஓட்டியாந்து, ஆளுக்கொரு பொன்னாடை. பெரிய அளவா வாங்கோணும். திமிலுக்கு எட்டோணுமில்ல."

நாச்சியம்மாள் கையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். கார் கிளம்பியது.

இதுவரை படித்ததில் உங்களுக்குத் தெரிந்த நாலைந்து பேர் முகத்தைச் சென்னிமலைக்குப் பொருத்திப் பார்த்திருப்பீர்கள். பொருந்தியிருக்கும். சரி, இனி ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து மேல்தட்டைத் துழாவுங்கள். ஏதோ ஒரு பள்ளி ஆண்டுவிழாவிலோ, குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலோ, யாரோ உங்கள் தோளில் போட்ட சால்வை ஒன்று உறைக்குள் மடிப்புக் கலையாமல் இருக்கும். குளிருக்கு ஆகாது. உடுத்தவும் ஆகாது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. பிறகு எதற்காக வைத்திருக்கிறீர்கள்? யாருக்காவது போர்த்த ஆகும் என்றுதானே?

சென்னிமலையும் ஒரே ஒரு சால்வையோடுதான் ஆரம்பித்தார்.